வானொலியின் குரல்

தமிழகத்து இல்லங்களில் வானொலிப் பெட்டி புதுமையாக வந்து புகுந்த காலத்தில், அதற்கு அளிக்கப்பெற்ற இடம் மிக உயர்ந்த இடமாகும். கூடத்துச் சுவரில் ஆளுயரத்தில் பொருத்திய பலகையின்மேல் அது வீற்றிருக்கும். பூவேலை செய்த துணியொன்று அதன்மேல் போர்த்தப்பட்டிருக்கும். செம்புக் கம்பியால் நாடாப் போலப் பின்னிய வலையொன்று அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கட்டப்பட்டிருக்கும். அதனை 'ஏரியல்' என்று வழங்குவர். சிறுவர் கை குமிழைத் தீண்டலாகாது. வீட்டுப் பெரியவரே வந்து அதனைத் திருகுவார். திருகியவுடன் பெட்டி பேசிவிடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் செந்நிறம் கொள்ளும்வரை, ஏறக்குறைய அரை நிமிடம், அனைவரும் வாய்மூடிக் காத்திருப்பர். பின்னர், எங்கோ ஒரு வண்டு முரல்வது போன்ற மெல்லிய இரைச்சல் எழும். அவ்விரைச்சலின் நடுவிலிருந்து மனிதக் குரல் ஒன்று பிறக்கும்.

அப்பெட்டிகளை 'வால்வு ரேடியோ' என்று மக்கள் வழங்கினர். இன்று அவை பழம்பொருள்கள் ஆகிவிட்டன. ஆயினும், அவற்றைத் தேடித் தொகுப்போர் உலகின் பல நாடுகளிலும் உளர். அமெரிக்காவில் 1952 ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 1976 ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சங்கங்கள் தோன்றின. பழையதைப் போற்றும் இப்பணி நற்பணியே என்பதில் ஐயமில்லை. ஆனால், தேடிக் கொணர்ந்த பெட்டியை யாது செய்வது என்னும் வினா எழும்போது தொகுப்போர் பல கட்சியினராகப் பிரிகின்றனர். அழகுப் பொருளாக வைத்தால் போதும் என்பர் சிலர். அணுவும் மாற்றாமல் அப்படியே பூட்டி வைத்தல் வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டும் முழுமையான போற்றுதல் ஆகா. பேசுதற்கென்றே பிறந்த கருவியைப் பேசும் நிலையில் வைத்திருப்பதே அதனைக் காப்பதாகும். இக்கொள்கையின் உண்மையை உணர்தற்கு, அப்பெட்டி எவ்வாறு பேசுகிறது என்பதை முதலில் அறிதல் நலம்.

மின்விளக்கை ஆராய்ந்த எடிசன், விளக்கினுள் சூடேறிய இழைக்கும் அதனைத் தொடாது நிற்கும் தகட்டிற்கும் இடையே மின்னோட்டம் பாய்வதை 1880 ஆம் ஆண்டுகளில் கண்டார். கண்டாராயினும், அதனால் விளையக்கூடிய பெரும்பயனை அவர் உணர்ந்திலர். இலண்டனில் பேராசிரியராய் விளங்கிய பிளெமிங், 1904 ஆம் ஆண்டில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் குழலொன்றை அவ்வியல்பினைக் கொண்டு அமைத்தார். நீரேற்றும் குழாயில் நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் அடைப்பிற்கு ஆங்கிலத்தில் 'வால்வு' என்பது பெயர். அப்பெயரே இக்குழலுக்கும் ஆயிற்று. ஈராண்டு கழித்து, அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட்டு, இழைக்கும் தகட்டிற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பிவலையைப் புகுத்தினார்.

இம்மூன்றாம் முனையின் ஆற்றல் பெரிது. ஏரியின் மதகுப் பலகையைச் சிறிதே உயர்த்தினால் பெருவெள்ளம் பாய்கிறது. சிறிதே தாழ்த்தினால் அது தணிகிறது. பலகையை அசைக்கும் கையின் வலிமை சிறிது; அதற்குக் கட்டுப்பட்டுப் பாயும் நீரின் வலிமையோ மிகப் பெரிது. குழலினுள் இருக்கும் கம்பிவலையும் அத்தகையதே. வானிலிருந்து ஏரியலில் வந்து படியும் மின்னலைகள் மிக மெலிந்தவை. அவை வலையை அசைக்க, அவ்வசைவிற்கு ஏற்பத் தகட்டின் பெரிய மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. குழல் குழலாக இவ்வாறு வலிமை பெற்ற அலை, ஈற்றில் ஒலிபெருக்கியின் தாளை அதிரச் செய்கிறது. 1918 ஆம் ஆண்டில் ஆம்ஸ்ட்ராங் என்பார் வகுத்த முறை ஒன்றுண்டு. எந்நிலையத்து அலையையும் பெட்டியினுள்ளேயே ஒரே அதிர்வெண்ணிற்கு மாற்றிக்கொண்டு, பின்னர் வலுப்படுத்துவது அது. 1930 ஆம் ஆண்டுகளுக்குப் பின் செய்யப்பெற்ற வால்வு ரேடியோக்களுள் மிகப்பல இம்முறையைத் தழுவியனவே.

குழல்களுக்கு இடப்பட்ட பெயர்களும் நோக்கத்தக்கவை. தமிழ் இலக்கணம் கற்பார் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்னும் பாகுபாட்டை அறிவர். ஐரோப்பியக் குழல்களின் பெயர்கள் பெரும்பாலும் காரணப் பெயர்கள். 'ஈ.சி.எச். 81' என்பது ஒரு குழல். 'ஈ' என்பது அதன் இழை சூடேற 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதையும், 'சி' என்பது உள்ளே மும்முனைக் குழலொன்று உண்டு என்பதையும், 'எச்' என்பது அதே கண்ணாடிக்குள் எழுமுனைக் குழலொன்றும் உடன் உறைகிறது என்பதையும் குறிக்கும். எண்ணின் முதலில் நிற்கும் 8, அடியில் ஒன்பது ஊசிக் கால்களை உடையது என்பதைக் காட்டும். பெயரை அறிந்தவன் பொருளை அறிந்தவன் ஆகின்றான். அமெரிக்கர் வைத்த பெயர்களிலோ முதலெண் வோல்ட்டைக் குறிப்பதோடு நிற்கும். நடுவிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் இடுகுறியே.

இத்துணை நுட்பங்கள் உள்ளே அமைந்திருக்க, புறத்தோற்றத்தையே விரும்புவார் கொள்கையை இனி நோக்குவோம். பெட்டிகள் அழகுடையன என்பதை மறுப்பார் இலர். இங்கிலாந்தில் எக்கோ நிறுவனத்தார் 1934 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஏ.டி. 65' என்னும் வானொலி வட்ட வடிவினது. வெல்ஸ் கோட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அதன் வடிவத்தை அமைத்தார். மரத்தை அறுத்து இழைத்துச் செய்வதை விடுத்து, பேக்கலைட்டை அச்சில் வார்த்துச் செய்தமையால் அவ்வட்டம் எளிதில் இயன்றது. அமெரிக்காவில் 'கேட்டலின்' என்னும் பிசின் வகையால் செய்த பெட்டிகள் பளிங்குபோல் ஒளிர்ந்தன. வெண்மையாக வார்த்தவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன்நிறம் எய்தின. இன்று ஏலத்தில் அவை பெருவிலை பெறுகின்றன. ஆனால், அவ்விலை தோலுக்கு உரியதேயன்றிக் குரலுக்கு உரியதன்று. விரிசல் இல்லாத பெட்டி, உள்ளே பாழாயிருந்தும் மாளிகை ஏறுகிறது. உள்ளே நலமுற்று மேலே ஒரு விரிசல் கண்ட பெட்டியோ பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

இதனினும் வருந்தத்தக்க செயல் ஒன்றுண்டு. சிலர் பெட்டியின் உள்ளுறுப்பு அனைத்தையும் பெயர்த்தெறிந்து, கைபேசியிலிருந்து பாடல் பெறும் புதிய கருவியொன்றை அதனுள் வைத்து, 'பழைய வானொலி பாடுகிறது' என்று விருந்தினர்க்குக் காட்டுகின்றனர். அப்பெட்டியிலிருந்து எழுவது அதன் குரல் அன்று; வேறொன்றன் குரல். மெய்யாகவே அழிந்துபோன பெட்டிகள் சில உண்டு. அவற்றில் இவ்வாறு செய்வதைப் பொறுக்கலாம். பழுது நீக்கினால் பேசக்கூடிய பெட்டியில் செய்வது பொறுக்கலாகாதது.

குரலை இழந்த கருவியை மீண்டும் அறிவது எத்துணை அரிது என்பதைத் தமிழர் நன்கு அறிவர். பழந்தமிழர் போற்றிய யாழ் வழக்கொழிந்து போயிற்று. இலக்கியங்களில் அதன் உறுப்புகள் கூறப்பட்டுள்ளன. எனினும், அதனை மீட்டக் கேட்டார் ஒருவரும் இல்லாத நிலை வந்தபின், அதன் இசையியல்பை ஆராய்ந்து உணர்தற்கு விபுலானந்த அடிகளார் பல ஆண்டுகள் உழைத்தல் வேண்டியதாயிற்று. அவ்வுழைப்பின் பயனாகிய 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டில் வெளிவந்தது. யாழைக் கையில் ஏந்தியவர் கடைசியாக மறைந்த நாளில், அதனை இழப்பென்று எவரேனும் கருதினரோ, இல்லையோ! வால்வு ரேடியோவின் குரலைக் கேட்டாரும், அதனைப் பழுது நீக்க அறிந்தாரும் இன்னும் இருக்கின்றனர். யாழுக்கு நேர்ந்தது இதற்கும் நேர வேண்டுவதில்லை.

பெட்டியைப் பேச வைப்பதால் இன்பம் மட்டும் விளைகிறது என்று எண்ணலாகாது, அறிவும் விளைகிறது. இதற்கு ஜெர்மனியின் வானொலி ஒன்று சான்றாகும். ஹிட்லர் ஆட்சியில் 1933 ஆம் ஆண்டில், 'மக்கள் வானொலி' எனப் பொருள்படும் பெயரோடு மலிவான பெட்டி ஒன்று செய்யப்பெற்றது. அதன் விலை 76 மார்க்கு. அதன் பெயரோடு சேர்ந்த 301 என்னும் எண், ஹிட்லர் பதவியேற்ற ஜனவரித் திங்கள் 30 ஆம் நாளைச் சுட்டுவது. அரசின் பேச்சை வீடுதோறும் செலுத்துவதே அதனைப் பரப்பியவர் நோக்கம். 1939 ஆம் ஆண்டு செப்டம்பரில் போர் தொடங்கியதும், அயல்நாட்டு வானொலியைக் கேட்பது குற்றம் என்று சட்டம் பிறந்தது. அரும்பொருளகத்தில் ஊமையாய் நிற்கும் அப்பெட்டியைக் காண்பவன், 'இஃது எளிய பெட்டியாயிற்றே. உள்நாட்டு நிலையத்தை அன்றி வேறெதனை இது கேட்டிருக்கும்?' என்று எண்ணக்கூடும். நல்ல ஏரியலைக் கட்டி, இரவு வேளையில் அதனைப் பேச வைத்தவனோ வேறு கூறுவான். பகலில் அண்மை நிலையத்தை மட்டும் தரும் அச்சிறு பெட்டி, இருள் சூழ்ந்தபின் மத்திய அலையில் தொலைநாட்டுக் குரல்களையும் தரும். இரவில் வான்மண்டலத்தின் மேலடுக்கு அவ்வலைகளைத் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். கேட்க இயலாததைக் கேட்காதே என்று தடுக்கச் சட்டம் எதற்கு? அப்பெட்டியால் இலண்டனைக் கேட்க இயன்றது. ஆதலின் அரசு அஞ்சியது. வரலாற்றின் இந்நுட்பத்தைப் பெட்டியின் குரலே தெளிவாக உணர்த்துகிறது.

இனி, ஒன்றையும் மாற்றலாகாது என்பாரின் கொள்கை. தொழிற்சாலையில் பொருத்திய உறுப்பு ஒவ்வொன்றும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கருத்து உயர்ந்ததே, ஆனால், பொருளின் இயல்பு அதற்கு இடங்கொடாது. பழைய பெட்டிகளில் காகிதத்தைச் சுருட்டி மெழுகிட்ட 'கண்டென்சர்'கள் பல உண்டு. அவற்றுள் ஈரம் புகும். புகுந்தபின், மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடத்தில் அவை கசியவிடும். ஈற்றுக் குழலின் கம்பிவலைக்கு முன்னே நிற்கும் ஒரு சிறு கண்டென்சர் கசிந்தால், குழலில் அளவிற்கு மீறிய மின்னோட்டம் பாயும். குழல் கெடும், அதனோடு இணைந்த மின்மாற்றியும் கருகும். சில காசு பெறும் உறுப்பை மாற்ற மறுத்தவன், கிடைத்தற்கரிய உறுப்பு இரண்டை இழப்பான். ஏடுகள் செல்லரித்தபோது, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்த முன்னோரால் அன்றோ தமிழ் நூல்கள் நிலைபெற்றன? 'முதல் ஏட்டைத் தவிர வேறு ஏடு ஆகாது' என்று அவர்கள் இருந்திருப்பின் ஏடும் போயிருக்கும், நூலும் போயிருக்கும்.

மாற்றுவதிலும் முறையுண்டு. தேர்ந்த தொகுப்பாளர் சிலர், பழைய கண்டென்சரின் கூட்டை மெல்ல வெறுமையாக்கி, அதற்குள் புதியதைச் செருகி, மெழுகால் மூடிவிடுகின்றனர். காண்பார்க்குப் பழைய தோற்றம் மாறுவதில்லை. இன்னும் சிலர், கழற்றிய உறுப்புகளை ஒரு சிறு பையில் இட்டு, இன்ன நாளில் இன்னதை மாற்றினோம் என்று தாளில் எழுதி, இரண்டையும் பெட்டிக்குள்ளேயே வைக்கின்றனர். இவ்விரண்டாம் முறையே சாலச் சிறந்தது. முன்னையது கண்ணை மகிழ்விக்கும். பின்னையது பின்வருவாரிடம் உண்மையைச் சொல்லும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. பல்லாண்டு உறங்கிய பெட்டியைக் கண்டவுடன் மின்சாரத்தில் இணைத்துப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். அவ்வாறு செய்தல் பெருந்தீங்கு. பெட்டியினுள் 250 வோல்ட்டும் அதற்கு மேலும் நிலவும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் அது கண்டென்சரில் தங்கியிருக்கும். இருவகை மின்சாரத்திற்கும் ஏற்பச் செய்த பெட்டிகள் பலவற்றில், மின்மாற்றி இன்மையால், உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே நேர்மின்தொடர்பு உடையதாய் இருக்கும். தொட்டார் உயிர்க்கு அஃது இறுதி ஆகலாம். தொழில் அறிந்தோர், தம் மேசையில் 'சீரீஸ் பல்ப்' எனப்படும் விளக்கொன்றை இணைத்து, அதன் வழியாகவே மின்சாரத்தைப் பெட்டிக்கு விடுவர். உள்ளே பழுதிருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரியும், பெட்டி தப்பும். அத்தகையோர் உடனிருந்து காட்டினாலன்றி மாணவர் எவரும் பெட்டியைத் திறக்க முற்படலாகாது.

ஒலிக்க விட்டால் தேய்ந்து போகுமே என்று கவலை கொள்வாரும் உளர். அக்கவலையில் உண்மையில்லாமல் இல்லை. குழலின் இழை எரிய எரியத் தளரும். சில பெட்டிகளின் முகத்தில் 'மந்திரக் கண்' எனப்படும் பச்சை ஒளி உண்டு. நிலையம் சரியாகப் பொருந்தும்போது அதன் நிழல் சுருங்கும். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த இக்கண், சில ஆயிரம் மணி நேரம் ஒளிர்ந்தபின் மங்கிவிடும். ஆனால், கண் மங்கியும் வாய் பேசும். மின்னிசைக் கருவிகளுக்கு வேண்டும் குழல்கள் இன்றும் சில நாடுகளில் செய்யப்பெறுகின்றன. வானொலிக்கே உரிய குழல்கள் பலவற்றிற்கோ பழைய இருப்பே துணை. ஆகவே, 1920 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த, மாற்றுக் குழல் கிடையாத அரிய பெட்டிகளை ஓய்வில் விடுதல் தகும். ஏனையவற்றிற்கு ஓய்வே நோயாகிறது. சில வகைக் கண்டென்சர்கள் மின்சாரம் காணாது கிடந்தால் தம் வன்மையை இழக்கும். நாள் முழுதும் அலற விடுதல் வேண்டா. அவ்வப்போது சிறிது நேரம் பேசவிட்டால் போதும்.

எல்லாவற்றினும் வலிய மறுப்பு வேறொன்று. பெட்டி பேச ஆயத்தமாய் இருந்தாலும், அதனோடு பேச வானில் யார் உளர் என்பதே அது. பழைய ஐரோப்பியப் பெட்டியின் கண்ணாடித் தட்டில் ஊர்ப்பெயர்கள் வரிசை வரிசையாய்ப் பொறிக்கப்பட்டிருக்கும். பெரோமுன்ஸ்டர் என்னும் பெயரில் முள்ளை நிறுத்தினால் இன்று இரைச்சலே கேட்கும். அந்தச் சுவிட்சர்லாந்து நிலையம் 2008 ஆம் ஆண்டின் முடிவில் மத்திய அலையை நிறுத்திவிட்டது. ஹில்வர்சம் என்னும் ஊரின் பெயரால் அறியப்பெற்ற நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு, 2015 ஆம் ஆண்டில் மத்திய அலையை விடுத்தது. ஜெர்மனியின் நெட்டலை ஒலிபரப்பு 2014 ஆம் ஆண்டின் இறுதியிலும், அயர்லாந்தின் நெட்டலை 2023 ஆம் ஆண்டிலும் ஓய்ந்தன. நிலையங்கள் மறைந்தபின் பெட்டி எதனைப் பேசும்?

இவ்வினாவிற்குத் தொகுப்பாளர் கண்ட விடை எளியது. வீட்டின் எல்லைக்குள் மட்டும் எட்டும் மிகச் சிறிய ஒலிபரப்புக் கருவியொன்றை, அவ்வந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கும் அளவில் அவர்கள் அமைத்துக்கொள்கின்றனர். பழைய இசைத்தட்டுகளையும் பழைய நிகழ்ச்சிப் பதிவுகளையும் அதன் வழியே அனுப்ப, அடுத்த அறையிலிருக்கும் பெட்டி தன் ஏரியலால் பற்றி, தன் குழல்களால் வலுப்படுத்தி, தன் வாயாலேயே பேசுகிறது. கைபேசியைப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது என்று சிலர் கேட்பர். வேற்றுமை பெரிது. அங்கே பெட்டி வெறுங்கூடு. இங்கே பெட்டி தன் தொழில் முழுவதையும் தானே செய்கிறது. அனுப்புவோர் மாறினாரேயன்றி, கேட்டுச் சொல்லும் வேலை மாறவில்லை.

இலண்டன் மாநகரின் தென்பகுதியாகிய டல்விச்சில், ஜெரால்டு வெல்ஸ் என்பார் 1929 ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே வானொலிமேல் பெருங்காதல் கொண்ட அவர், தாம் வாழ்ந்த வீட்டையே 1974 ஆம் ஆண்டில் வானொலி அரும்பொருளகம் ஆக்கினார். அறைகளிலும் தாழ்வாரங்களிலும் பெட்டிகள் நிறைந்தன. அவர் பொருள்களைத் தேடி வைத்தவர் மட்டும் அல்லர்; தம் கையால் பழுது நீக்கியவர். 2014 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய அரும்பொருளகம் அவருக்குப் பின்னும் நின்றது. தக்கோர் கையில் தொழிலையும் பொருளையும் ஒருங்கே ஒப்படைத்தமையால் விளைந்த பயன் அது.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 ஆம் ஆண்டில் சென்னையில் வானொலிக் கழகம் தோன்றி ஒலிபரப்பும் நடத்தியது. பொருள்முட்டால் அது நின்றபின், 1930 ஆம் ஆண்டில் சென்னை நகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஆம் ஆண்டில் சென்னையிலும், 1939 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் அமைந்தன. அந்நிலையங்களையும் இலங்கை வானொலியையும் கேட்ட பெட்டிகள் பல, பரண்களில் இன்றும் உறங்குகின்றன. அவற்றைப் பேச வைத்த 'ரேடியோ மெக்கானிக்'குகள் ஊர்தோறும் இருந்தனர். அவர்கள் தொழில் பெரும்பாலும் செவித்தொழில். பென்சில் முனையால் ஒவ்வொரு குழலையும் மெல்லத் தட்டி, ஒலிபெருக்கியில் எழும் ஓசையைக் கொண்டே, எக்குழலில் தளர்ச்சி என்று கூறுவர். ஒலிபெருக்கியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு வந்து, உறுமல் எந்த இடத்தில் நிற்கிறதோ அவ்விடத்தில் பழுதென்று தெளிவர். இன்ன உறுமல் கண்டென்சர் வறண்டதால் வருவது, இன்ன கரகரப்புக் குமிழில் தூசு படிந்ததால் வருவது என்பன அவர்க்குக் காதால் மட்டுமே தெரிந்தவை. எழுதிக் காட்டச் சொன்னால் எழுதிக் காட்ட அவரால் இயலாது. பெட்டி ஒன்றை முன்வைத்தால் உடனே காட்டுவர். அவர்களுள் எஞ்சியோர் முதியோர். பக்கத்தில் அமர்ந்து பற்றுக்கோலை எடுத்துக் கொடுக்கும் சிறுவரைத்தான் அவர்தம் பட்டறைகளில் இன்று காணுதல் அரிதாயிருக்கிறது.